பிரயாணத்துக்கு வழிகாட்டி யார்?

நமது மக்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்படுவதென்றால், போகிற காரியம் என்ன, போகும் வழி எது, அங்கு காணவேண்டிய ஆள் இருப்பாரா, திரும்பி வர வண்டி உண்டா என்பவைகளை யோசிப்பதற்கு முன்னால், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கின்றார்கள். காலண்டரில் தேதியைப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் இவர்கள் பார்ப்பது தேதியை அல்ல. ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது, சூலம் எந்தத் திசை, சந்திராஷ்டமம் யாருக்கு என்பவைகளையே பார்க்கின்றார்கள். இவ்வளவும் பார்த்து முடித்துத் தெருவில் கால் வைக்கும்போது குறுக்கே ஒரு பூனை போனால், பார்த்த கணக்கெல்லாம் பாழாகி, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்படுகின்றார்கள். மனிதனுக்குக் கால் இருந்தும், கண் இருந்தும், தலையில் மூளை இருந்தும், அவனுடைய பிரயாணத்தை நடத்துவது அவன் அல்ல, எவனோ எழுதி வைத்த ஒரு கட்டம் என்றால், இதைவிட அடிமைத்தனம் வேறு என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

விஷயத்தை ஓர் ஊரை வைத்தே கணக்குப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டத்தில் பரளச்சி என்று ஓர் ஊர் இருக்கின்றது. சுற்றிலும் மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் உண்டு. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கவேண்டும். அந்த ஊர்க்காரர் தாலுகா ஆபீசுக்குப் போவதானால் திருச்சுழிக்குப் போகவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கோர்ட்டு என்றால் அருப்புக்கோட்டைக்குப் போகவேண்டும். இரண்டு ஊரும் வடக்குப் பக்கம். பஞ்சாங்கமோ செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலம் என்கின்றது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் போயிற்று. மாதத்துக்கு எட்டு நாள் ஆகின்றது. அஷ்டமி, நவமி ஆகாது என்கின்றார்கள். அவை வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வருவதால் அதில் நாலு நாள். அவரவர் பிறந்த இராசிக்கு எட்டாம் இராசியில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம். ஒன்றன்மேல் ஒன்று விழும் நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அந்த மனிதன் வடக்கே போகக்கூடாது. மீதி நாட்களிலும் பகலில் ஒன்றரை மணி ராகு காலம், ஒன்றரை மணி எமகண்டம். போன ஊரிலிருந்து வீட்டுக்குத் தெற்கே திரும்புவதானால் வியாழக்கிழமை ஆகாது! இந்தப்படி ஒருவன் யோக்கியமாக நடப்பானேயானால் அவனுக்குப் பிரயாணத்துக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு? பஞ்சாங்கத்தில் மிஞ்சிய நேரத்தில் பரளச்சிக்குப் பஸ் வரவேண்டுமே! பஸ்காரர் பஞ்சாங்கம் பார்த்தா வண்டி விடுகிறார்?

பரளச்சி பஸ் நிறுத்தத்தில் நாம் காதால் கேட்ட ஒரு பேச்சை இங்கு எழுதுகின்றோம். வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் ஒரு பெரியவர் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது. பக்கத்திலிருந்த வாலிபன் கேட்டான்:

“என்ன மாமா, வந்த வண்டிய விட்டுட்டீக?”

“ராகு காலம் கழியட்டும் மாப்ளே.”

“டிரைவருக்கு ராகு காலம் கெடையாதா மாமா?”

“அவன் தொழிலுக்குப் போறான், அவனுக்கு என்ன?”

“அப்ப நீங்க எதுக்குப் போறீக?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவரும் மிளகாய் விற்ற பணத்தை வாங்கத்தான் போகிறார். தொழிலுக்குப் போகும் டிரைவரை விட்டுவிடும் ராகு, தொழிலுக்குப் போகும் சம்சாரியை மட்டும் பிடித்துக்கொள்வானேன்? ஒரே பஸ்ஸில் அறுபது பேர் ஏறுகின்றார்கள். அறுபது பேருக்கும் வெவ்வேறு நட்சத்திரம், வெவ்வேறு காரியம். அதில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம் என்றால் பஸ்ஸில் கால்வாசி மட்டும் கவிழுமா?

இனி, இந்த ராகு காலத்தின் யோக்கியதையைச் சற்று பார்ப்போம். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு மானியமாக விட்டிருக்கின்றார்கள். பகல் பன்னிரண்டு மணி என்றால் ஒரு பங்கு ஒன்றரை மணி. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. ஆகவே காலண்டரில் 7.30 முதல் 9 வரை என்று அச்சடித்திருக்கின்றது. இது எப்போது சரியாகும்? சூரியன் நாள்தோறும் சரியாக 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால் சரியாகும். சூரியன் அப்படி உதிக்கின்றதா? அருப்புக்கோட்டைப் பக்கத்தில் மே மாதக் கடைசியில் 6 மணியை ஒட்டி உதிக்கின்றது. ஜனவரிக் கடைசியில் 6.30 மணிக்கும் மேலே ஆகிவிடுகின்றது. பகல் நீளமும் ஒன்றாயில்லை. ஜூனில் பன்னிரண்டரை மணிக்கு மேலும், டிசம்பரில் பதினொன்றரை மணிக்குச் சற்று மேலும் இருக்கின்றது. அன்றியும் நமது கடிகாரம் காட்டும் மணி நமது ஊர் மணியே அல்ல. இந்தியா முழுவதற்கும் ஒரே மணி என்று 1906-இல் வெள்ளைக்கார சர்க்கார் ஏற்படுத்திய மணி அது. கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரை பாகையை வைத்துச் செய்த அந்த மணிக்கும் அருப்புக்கோட்டைச் சூரியனுக்கும் ஏறக்குறைய 17 நிமிஷம் வித்தியாசம்.

ஆகவே ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமையன்று, சாஸ்திரத்தின் அசல் கணக்குப்படி ராகு காலம் தொடங்குவதே 8 மணிக்கு மேல், முடிவது 9.30 மணிக்கும் பிறகு. அப்படியிருக்க, காலண்டரை நம்பி 9 மணி வரை வீட்டில் காத்திருந்து, 9.05-க்கு நிம்மதியாகப் பஸ் ஏறுகின்ற நமது பக்திமான், சாஸ்திரக் கணக்குப்படி ராகுவின் வாய்க்குள்ளேயே ஏறி உட்காருகின்றார்! ஆனாலும் சுகமாகவே அருப்புக்கோட்டை போய்ச் சேருகின்றார். வருஷம் தோறும் லட்சக்கணக்கான பேர் இப்படி ராகுவின் வாய்க்குள் புகுந்து வெளியே வருகின்றார்கள், ஒருவருக்காவது தெரிகின்றதா? தெரியாது. ஏனென்றால், ராகு என்று ஒரு கிரகமே வானத்தில் இல்லை. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாக நமக்குத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களில் ஒன்றுக்கு ராகு என்று பெயர். இல்லாத ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் தினப்படி மானியம்!

பஞ்சாங்கங்களுக்குள்ளாவது ஒற்றுமை உண்டா என்றால் அதுவும் இல்லை. வாக்கியம் என்று ஒன்று, திருக்கணிதம் என்று ஒன்று. திருக்கணிதக்காரர் 2025 மார்ச் 29-ஆம் தேதியே சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். வாக்கியக்காரர், இல்லை, 2026-இல்தான் போவார் என்றார்கள். ஒரே சனி, அவர் இருக்குமிடத்தைச் சொல்லுவதில் ஓராண்டு தகராறு. ஒரு பஸ் எங்கே நிற்கிறது என்பதை ஓராண்டு தப்பாகச் சொல்லும் டைம் கீப்பரை நாம் ஒரு நாளாவது வேலையில் வைத்திருப்போமா?

கிழமை என்பதுகூட மனிதன் வைத்த பெயர்தானேயொழிய, வானத்தில் எழுதியிருப்பதல்ல. 1519-இல் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து கப்பல்கள் மேற்கே பார்த்துப் புறப்பட்டன. மெகல்லன் 1521-இல் பிலிப்பைன் தீவுகளில் சண்டையில் இறந்துபோனார். மிஞ்சிய விக்டோரியா என்ற ஒரே கப்பல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1522-இல் திரும்பியது. வரும் வழியில் வெர்டி முனைத் தீவுகளில் இறங்கியபோது, கப்பலில் நாள் தவறாமல் குறித்து வந்த கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழக்கிழமை என்றார்கள். இருவர் கணக்கும் சரிதான். மேற்கே போய்க்கொண்டே பூமியைச் சுற்றியவர்களுக்கு ஒரு பகல் குறைந்துவிட்டது. அன்று அந்தக் கப்பல்காரனுக்கு ராகு காலம் 12 மணிக்கா, ஒன்றரை மணிக்கா? அவனுக்குச் சூலம் வடக்கா, தெற்கா? வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம் என்கிறார்களே, அத்தனை வெள்ளியும் அத்தனை ஞாயிறும் மேற்கே ஓடித்தானே அந்தக் கப்பல் கிழக்கிலிருந்து வீடு வந்து சேர்ந்தது? பூமியை ஒருவரும் சுற்றி வராத காலத்தில் எழுதினதை, சுற்றி வந்த காலத்திலும் சுமப்பானேன்?

சூலத்துக்குப் பரிகாரம் வேறு சொல்லியிருக்கின்றார்கள். கிழக்கே போனால் தயிர், வடக்கே பால், மேற்கே வெல்லம், தெற்கே தைலம். ஆளைக் குத்திக் கொல்லக் காத்திருக்கும் சூலம் ஒரு கரண்டித் தயிருக்கு வழிவிடுமானால், அது சூலமா, சுங்கச் சாவடியா?

இது வெறும் கேலிக்குரிய விஷயமாக மட்டும் இருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். இதற்குள் மனிதனை மனிதன் இழிவு செய்யும் கொடுமை இருக்கின்றது. புறப்படும்போது எதிரே யார் வரக்கூடாது என்று சாஸ்திரம் சொல்லுகின்றது? புருஷனை இழந்த பெண் வரக்கூடாது. எண்ணெய் விற்கிறவர் வரக்கூடாது. விறகு சுமப்பவர் வரக்கூடாது. அதாவது பாடுபட்டுப் பிழைப்பவர்களும், துக்கப்படுகிறவர்களும் எதிரே வந்தால் காரியம் கெட்டுப்போகுமாம். பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனமாம்! செத்தவனுக்கு உள்ள மரியாதை, அவனை இழந்து நிற்கும் பெண்டாட்டிக்கு இல்லை.

அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அவளுக்கும் பிரயாணம் உண்டு. உதவிப் பணத்துக்கு மனுக்கொடுக்கத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அருப்புக்கோட்டைக்கு ஓடவேண்டும். 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு செய்திருப்பதால், கையில் காசு இல்லாவிட்டாலும் அவள் பஸ் ஏறலாம். ஆனால் தெருவில் இறங்கவேண்டுமே! “யாரும் புறப்படுகிற நேரமோ என்னமோ” என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, தெரு காலியாகும் வரை ஒளிந்து நின்று, பிறகு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறாளே, அவள் எந்தச் சகுனத்தைப் பார்த்துப் புறப்படுவது? அவளுடைய எதிரில் வருகின்ற உங்களால் அவளுக்கு வந்த நன்மை என்ன? சர்க்கார் டிக்கெட்டை நிறுத்திவிட்டது. நீங்கள் வசூலிக்கும் இந்த மானக்கேட்டுக் கட்டணத்தை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?

“ஏதோ ஒரு மனத்திருப்திக்குப் பார்க்கிறோம், அதனால் என்ன நட்டம்?” என்று சில கனவான்கள் கேட்கின்றார்கள். நட்டம் என்னவென்று சொல்லுகின்றோம். பாம்பு கடித்தவனுக்கும் பிரசவ வலி கண்டவளுக்கும் நட்டம் நிமிஷத்தில் கணக்கிடப்படுகின்றது. காட்டில் பருத்தி எடுக்கும்போது பாம்பு கடித்தவனை, “எமகண்டம் போகட்டும், அதுவரை மந்திரிக்கலாம்” என்று கிடத்தி வைத்தால், எமன் கண்டத்துக்கு வெளியே நின்றுகொண்டா காத்திருப்பான்? விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கின்றது. நமது தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்று எண்ணை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வருகின்றது. அந்த வண்டி ராகு காலத்திலும் ஓடுகின்றது, எமகண்டத்திலும் ஓடுகின்றது, செவ்வாய்க்கிழமை வடக்கேயும் ஓடுகின்றது. உயிர் போகும் நேரத்தில் பார்க்கத் தேவையில்லாத சூலத்தை, மிளகாய் விற்கப் போகும்போது ஏன் பார்க்கவேண்டும்?

நல்ல நேரம் பார்த்துப் போனால் விபத்து வராது என்பவர்களுக்கு நமது ராமநாதபுரம் சீமையிலேயே பதில் இருக்கின்றது. 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்பாகப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. செவ்வாய்க்கிழமை ராகு காலம் மாலை 3 முதல் 4.30 வரை, எமகண்டம் காலை 9 முதல் 10.30 வரை. இரண்டும் கழிந்து பல மணி நேரம் ஆகிவிட்டது. தனுஷ்கோடி இருப்பது பாம்பனுக்குக் கிழக்கே. செவ்வாய்க்கிழமைச் சூலமோ வடக்கே. சூலமும் குறுக்கே இல்லை. ஆனாலும் தனுஷ்கோடியை நெருங்கும்போது புயலில் எழுந்த கடல் அந்த வண்டியை அப்படியே விழுங்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது எது? பஞ்சாங்கமா? அல்லது, புயல் இத்தனை மணிக்கு இந்த இடத்தைத் தாக்கும் என்று முன்கூட்டி அறிவிக்கும் சாதனமும், அதைக் கேட்டு வண்டியை நிறுத்தும் ஏற்பாடுமா? இன்று விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் புயலைப் படம் பிடித்துக் கொடுக்கின்றது, ரயிலை நிறுத்துகின்றார்கள், ஜனங்களை மேட்டுக்குக் கொண்டுபோகின்றார்கள். அறிவு வளர வளர உயிர் பிழைக்கின்றது. ஆயிரம் வருஷமாக ராகு காலம் பார்த்ததில் ஒரு புயலாவது முன்கூட்டித் தெரிந்ததுண்டா?

நிற்க, இப்போது படித்தவர்களில் மற்றொரு கூட்டம் கிளம்பியிருக்கின்றது. “ராகு காலமெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை, திட்டமும் போடுவதில்லை. உள்ளே ஒரு குரல் ‘போ’ என்று சொல்லும், போவோம். ‘நில்’ என்று சொல்லும், நிற்போம். உள்ளுணர்வை நம்பிப் போகிறவனை ஆண்டவன் கைவிடமாட்டான்” என்கின்றார்கள். இதற்கு உதாரணமாகத் திருச்சுழியில் பிறந்து திருவண்ணாமலைக்குப் போன ரமண ரிஷியைக் காட்டுகின்றார்கள். பரளச்சிக்குப் பக்கத்து ஊர் சங்கதி ஆகையால் இதையும் விசாரிக்கவேண்டியதுதான். அவருடைய ஞானத்தைப் பற்றி இங்கே நமக்கு வாதம் இல்லை. அவர் செய்த பிரயாணத்தை மட்டும், அவருடைய அடியார்கள் எழுதியிருக்கும் சரித்திரப்படியே எடுத்துக்கொள்வோம்.

1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்த வெங்கடராமன், தகப்பனார் காலமான பின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்து வந்தார். 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி, பதினாறு வயதில், ஒருவரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். உள்ளே கட்டளை பிறந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டளை வழி சொல்லிற்றா? இல்லை. ஒரு பழைய பூகோளப் படத்தைப் பார்த்து, திண்டிவனத்தில் இறங்கவேண்டும் என்று அவரே கணக்குப் போட்டார். பணம் கொடுத்ததா? இல்லை. அண்ணனுடைய காலேஜ் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டார். ரயில் நேரத்துக்குப் போய்ச் சேரச் செய்ததா? அதுவும் இல்லை. அவர் ஸ்டேஷனுக்குப் போனதே நேரம் கழித்துத்தான். அன்று வண்டியும் தாமதம், அதனால் கிடைத்தது. 2 ரூபாய் 13 அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கி ஏறினார்.

படம் பழைய படம். திருவண்ணாமலைக்கே ரயில் போட்டாகிவிட்டது அந்தப் படத்துக்குத் தெரியாது. உள்ளே பேசிய குரலுக்காவது தெரிந்ததா? தெரியவில்லை. சொன்னவர் யார்? வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் மௌல்வி. “திருவண்ணாமலைக்கே ஸ்டேஷன் இருக்கிறது, விழுப்புரத்தில் மாறவேண்டும்” என்று அவர் சொன்ன பிறகே வழி தெரிந்தது. விழுப்புரத்தில் ஓட்டல்காரர் சாப்பாடு போட்டுக் காசு வேண்டாம் என்றார். கையிலிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்குமே போதுமானதாயிருந்தது, அப்புறம் நடை. கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சோறு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனை அவரிடம் ஈடு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். அதைக் கொண்டு டிக்கெட் வாங்கி செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

ஆகவே அந்தப் பிரயாணத்தை நடத்திவைத்தது எது? ரயில் போட்ட தொழிலாளி, வழி சொன்ன மௌல்வி, சோறு போட்ட ஓட்டல்காரர், ஈடு வாங்கிக்கொண்ட பாகவதர், இவர்கள்தானே? பையனிடத்தில் நாம் மெச்சக்கூடிய குணம் ஒன்று இருந்தது. தான் போட்ட கணக்கைப் பிடித்துக்கொண்டு அழாமல், தெரிந்தவர் சொன்னதும் அதை மாற்றிக்கொண்டார். “மௌல்வி சொன்னதைக் கேட்கலாமா” என்று மதம் பார்க்கவில்லை. இதைப் பக்தர்கள் பாராட்டுகிறார்களா என்றால் இல்லை. எல்லாம் உள்ளே இருந்த குரலின் மகிமை என்று சொல்லி, வழி சொன்ன மனிதனை மறைத்துவிடுகின்றார்கள்.

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. கீழூரில் அவருக்குச் சோறு கிடைத்த நாள் கோகுலாஷ்டமி. ஆகாது என்கிற அஷ்டமி! திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த செப்டம்பர் 1-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. திருக்கோவலூர்ப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை வடக்கே. அதாவது சூலத்துக்கு நேரே போயிருக்கின்றார்! அவர் படத்தை வீட்டில் மாட்டிக் கற்பூரம் காட்டுகின்ற மனிதர், செவ்வாய்க்கிழமை வடக்கே அருப்புக்கோட்டைக்குப் போக மாட்டேன் என்று பரளச்சி மரத்தடியில் உட்கார்ந்திருக்கின்றார். இவருக்குச் சாஸ்திரமும் நிஜமில்லை, ரிஷியும் நிஜமில்லை. பயம் ஒன்றே நிஜம்.

அப்படியானால் மனதுக்குப் படுவது என்று ஒன்று இல்லவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது வானத்திலிருந்து வருவதல்ல. காலில் இருந்தும் கண்ணில் இருந்தும் வருவது. நமது ராமநாதபுரம் சீமைக் கீதாரிகளைப் பாருங்கள். இங்கே புல் தீர்ந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு, அறுவடையான வயல்களைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போகின்றார்கள். வயலில் கிடை போட்டு உரம் கொடுத்துக் கூலி வாங்குகின்றார்கள். இன்ன தேதிக்கு இன்ன ஊர் என்று அவர்கள் அச்சடித்து வைத்துக்கொள்ள முடியாது. அறுவடை பிந்தும், மழை முந்தும், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். வானத்தைப் பார்த்து, காற்றை முகர்ந்து, ஆட்டின் நடையைப் பார்த்து, “இன்றைக்கு இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பு” என்கின்றார் கீதாரி. ஏன் என்று கேட்டால் சில சமயம் அவருக்கே சொல்லத் தெரியாது. மனதில் பட்டது என்பார். அது தெய்வ வாக்கா? அல்ல. நாற்பது வருஷம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து சேர்த்த கணக்கு அது. எழுதிப் படிக்காததால் மனதில் பட்டது என்கின்றார். கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்த வண்டிக்காரர், மேற்கே மின்னுவதைப் பார்த்துச் சாயங்காலமே வண்டி பூட்டுகிறாரே, அதுவும் அப்படியே.

கீதாரியின் மனதில் படுவதற்கும், பஞ்சாங்கக்காரன் கட்டத்துக்கும், சாமியாரின் உள்குரலுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றேதான். கீதாரியின் கணக்கு தப்பினால் ஆடு சாகும். ஆகையால் அடுத்த வருஷம் அவர் கணக்கைத் திருத்துகிறார். பஸ்காரரின் அட்டவணை ஒத்துவராவிட்டால் அதையும் மாற்றுகிறார்கள். ஆனால் பஞ்சாங்கம் தப்பினால் பஞ்சாங்கக்காரனுக்கு ஒரு முடியும் உதிர்வதில்லை. “உன் ஜாதகக் கோளாறு” என்று சொல்லிப் பரிகாரத்துக்கு வேறு பணம் கேட்கின்றான். உள்குரல் தப்பினால், “அதுவும் ஆண்டவன் சோதனை” என்கின்றார்கள். தப்பு என்று ஒப்புக்கொள்ள வழியே இல்லாத வழிகாட்டி, வழிகாட்டி அல்ல, எஜமான். பிரயாணம் செய்யாதவன் எழுதிய கட்டத்துக்குப் பிரயாணம் செய்பவன் கட்டுப்படுவதும், வெளியே நடப்பதைப் பாராமல் உள்ளே கேட்பதாகச் சொல்லும் குரலுக்குக் கட்டுப்படுவதும், எஜமானுடைய சட்டையை மாற்றியதேயொழிய அடிமைத்தனத்தை மாற்றியதாகாது.

ஆகையால் தோழர்களே! திட்டம் போடுங்கள், போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பஸ் எப்போது, ஆபீசர் இருப்பாரா, கையில் பணம் எவ்வளவு, மழை வருமா என்று பாருங்கள். போட்ட திட்டத்தையே தெய்வமாக்கவும் வேண்டாம். வழியில் நிலைமை மாறினால் மாற்றிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் எந்த ஜாதி, எந்த மதம் என்று கேளாதீர்கள். மனதில் ஏதாவது பட்டால், அது எதைப் பார்த்ததனால் பட்டது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இருந்தால் நம்புங்கள்; பயம்தான் பதில் என்றால் உதறிவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு வழியும் சொல்லுகின்றோம். செலவில்லாத சோதனை. வருகிற செவ்வாய்க்கிழமையன்று பரளச்சியிலிருந்து வடக்கே போகிற முதல் பஸ்ஸில் ஏறுங்கள். புறப்படும்போது தெருவில் புருஷனை இழந்த ஒரு பெண் எதிரே வந்தால் ஒதுங்காதீர்கள், அவளையும் ஒதுங்கவிடாதீர்கள். “அக்கா, நீங்களும் அருப்புக்கோட்டைக்கா? வாங்க, சேர்ந்தே போவோம்” என்று சொல்லி, பஸ்ஸில் அவளுக்கு முதலில் இடம் கொடுங்கள். போன காரியம் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், ஆபீசர் ஏன் இல்லை, வியாபாரி ஏன் விலையைக் குறைத்தான் என்று அவர்களையே கேளுங்கள். அந்தப் பெண்ணைக் கேட்காதீர்கள், ராகுவையும் கேட்காதீர்கள். ஊரிலிருந்து பத்துப் பேர் இந்தப்படி பத்துச் செவ்வாய்க்கிழமை போய் வந்துவிட்டால், சுவரில் தொங்கும் காலண்டரில் தேதிக்கு மட்டும் வேலை இருக்கும்.